தீர விசாரிப்பதே மெய்

இக்காலத்தை அறிவியல் யுகம் என்று அழைப்பதில் நாம் பெருமை கொள்கிறோம். திருவள்ளூர் மாவட்டத்தில் வாழ்வோருக்கு அப்பெருமை சற்று மிகுதியாகவே உரியது. கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய் கண்டிகையிலும் சிப்காட் வளாகங்கள் இரவு பகலாக இயங்குகின்றன. காட்டுப்பள்ளியில் கடல்நீர் குடிநீராக மாற்றப்படுகிறது. பழவேற்காடு ஏரிக்கு அப்பாலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 விண்ணேகியது. அடுத்த மாதம் 23ஆம் நாள் நிலவின் தென்துருவப் பகுதியில் தரையிறங்கியது. ஏவூர்தி எழுவதைத் தம் ஊர்க் கரையில் நின்றே காணும் பேறு இந்நாட்டில் எத்தனை ஊர்களுக்கு வாய்த்திருக்கிறது?

எனினும் ஒரு வினா நம் நெஞ்சை விட்டு அகல மறுக்கிறது. அறிவியல் தந்த பொருள்களை நாம் ஏற்றுக்கொண்டோம். அப்பொருள்களைத் தந்த பழக்கத்தை ஏற்றுக்கொண்டோமா? "இதற்குச் சான்று என்ன?" என்று கேட்பதே அப்பழக்கம். கேட்டதைக் கேட்டவாறே நம்பாமல், கண்டதைக் கண்டவாறே பரப்பாமல், சற்று நின்று நிதானித்து ஆராய்வதே அதன் உயிர். இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விழைவது ஒன்றே: சான்று கேட்பது இறைமறுப்பாளரின் தனிச்சொத்து அன்று; இறைநம்பிக்கையாளரின் மார்க்கக் கடமை. அக்கடமையை நாம் கைவிடும்போது, அதன் விலையை ஏதுமறியாத யாரோ ஒருவர் தம் உயிரால் செலுத்த நேர்கிறது.

பழவேற்காட்டில் பறிபோன உயிர்

இது வெறும் சொல்லலங்காரம் அன்று. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் நம் மாவட்டத்திலேயே நிகழ்ந்தது. வடமாநிலங்களிலிருந்து குழந்தை கடத்தும் கும்பல்கள் வந்திறங்கியுள்ளன என்னும் செய்தி கைப்பேசி வழியாக ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்த காலம் அது. பழவேற்காட்டில் வீடற்றுத் திரிந்த, மனநலம் குன்றிய ஒருவர், குழந்தை கடத்த வந்தவர் என்ற ஐயத்தின் பேரில் கூட்டத்தினரால் அடித்துக் கொல்லப்பட்டார். அவருடைய உடல் பாலத்தில் தொங்கவிடப்பட்டது. அவர் எந்தக் குழந்தையையும் கடத்தினார் என்பதற்குச் சான்று ஏதும் இருக்கவில்லை. அதே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வ வழிபாட்டிற்குச் சென்ற சென்னை மூதாட்டி ஒருவர், வழியில் கண்ட குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்த குற்றத்திற்காகக் கொல்லப்பட்டார்.

அந்நாளில் இந்தியாவின் பல மாநிலங்களில் பரவிய காணொளி ஒன்றின் வரலாறு நாம் அறிந்திருக்க வேண்டியது. மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்லும் காட்சி அது. உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சி நகரில், குழந்தைகளின் பாதுகாப்பைப் பெற்றோருக்கு உணர்த்துவதற்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். தூக்கிச் சென்றவர்களே சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, அறிவிப்புப் பலகையை உயர்த்திக் காட்டுவதோடு அப்படம் முடிகிறது. அந்த இறுதிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். குழந்தைகளைக் காக்க எடுத்த படம் மனிதரைக் கொல்லும் கருவியாயிற்று. அக்காட்சியைப் பார்த்தவர்களில் ஒருவரேனும், "இது எந்த ஊர்? எந்த நாள்? இதன் முன்னும் பின்னும் என்ன?" என்று கேட்டிருப்பின் அது அங்கேயே நின்றிருக்கும்.

கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அச்செய்தியைப் பரப்பியோர் அனைவரும் எழுத்தறியாதவர் அல்லர். கையில் இருந்ததும் பழங்கால ஓலைச்சுவடி அன்று. அறிவியலின் அரிய படைப்பாகிய கைப்பேசியே. கருவி புதியதாயிற்று, மனம் பழையதாகவே இருந்தது.

வெள்ளித்திரை காட்டும் மாற்றம்

மக்கள் மனத்தின் போக்கை அறிய வேண்டுமாயின் அவர்கள் விரும்பிக் காணும் கலையை நோக்க வேண்டும். தமிழகத்தில் அக்கலை திரைப்படமே என்பதை யார் மறுப்பர்?

1952இல் வெளிவந்த 'பராசக்தி' பக்தியின் பெயரால் நிகழும் போலித்தனத்தைச் சாடியது. 1973இல் 'மறுபிறவி' என்றொரு படம் வந்தது. கேரளத்தில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், தாம் ஆராய்ந்த உளச்சிக்கல் ஒன்றைப் பற்றி எழுதிய குறிப்பே அதன் கதைக்கு மூலம். மறுபிறவி போலத் தோன்றுவதை மனநோயாக விளக்கி, மருத்துவத்தால் தீர்க்கலாம் என்று அப்படம் காட்டியது. 2005இல் வந்த 'சந்திரமுகி', பேய் என்று ஊரார் அஞ்சியது மனநோயே என்று ஒரு மனநல மருத்துவரின் வாயால் சொல்லிற்று. ஆயினும் நோய் தீரும் காட்சியை மந்திரச் சடங்கின் கோலத்திலேயே அமைத்தது. அதன்பின் வந்த 'முனி' (2007), 'காஞ்சனா' (2011), 'அரண்மனை' (2014) ஆகிய படங்களில் விளக்கம் என்பதே தேவையற்றதாயிற்று. பேய் மெய்யாகவே வந்தது; மக்களும் சிரித்து மகிழ்ந்தனர்.

கதையைக் கதையாகக் கண்டு மகிழ்வதில் பிழையில்லை. நகைச்சுவைப் பேயைக் கண்டு எவரும் அறிவை இழந்துவிடுவதில்லை. நமக்குக் கவலை தருவது வேறொரு வகைப் படம். அது அறிவியலை மறுப்பதில்லை. அறிவியலின் உடையை உடுத்திக்கொண்டு வருகிறது. 2011இல் வெளிவந்த 'ஏழாம் அறிவு' அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. போதிதர்மரின் திறமைகள் அனைத்தும் அவர் வழிவந்த ஒருவரின் மரபணுவில் உறங்கிக் கிடக்கின்றன என்றும், அவற்றை ஆய்வுக்கூடத்தில் தட்டியெழுப்பலாம் என்றும் அக்கதை கூறிற்று. கற்ற வித்தையும் பெற்ற அனுபவமும் மரபணுவில் எழுதப்பட்டுத் தலைமுறை பல கடந்து வருவதில்லை என்பது உயிரியல் பயிலும் மாணவர் அறிந்த செய்தி. ஆயினும் 'மரபணு', 'ஆராய்ச்சி' என்னும் சொற்கள் ஒலித்த மாத்திரத்தில் கதை செய்தியாகிவிடுகிறது. முன்னாளில் பொய், மந்திரத்தின் மொழியில் பேசியது. இந்நாளில் அறிவியலின் மொழியில் பேசுகிறது. எனவே அதை இனங்காண்பது முன்னிலும் அரிதாயிற்று.

தமிழரின் தொன்மைக்குப் பெருமை தேட வேண்டுமாயின் கற்பனையை நாட வேண்டியதில்லை. நம் மாவட்டத்தின் அத்திரம்பாக்கமே போதும். 1863இல் இராபர்ட் புரூஸ் பூட்டும் அவருடைய தோழரும் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தனர். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர், சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் அங்கே பல்லாண்டு அகழ்ந்து, மண்ணடுக்குகளையும் கற்களையும் அளந்து, அவற்றுள் மிகப் பழையவை ஏறக்குறைய 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011இல் அறிவித்தனர். அங்குள்ள இடைப் பழங்கற்காலக் கருவிகள் ஏறக்குறைய 3,85,000 ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றத் தொடங்கின என்று 2018இல் வெளியிட்டனர். இந்தியாவில் அத்தகைய கருவிகள் மிகப் பிற்காலத்தில்தான் வந்தன என்று அதுவரை நிலவிய கருத்தை இம்முடிவு அசைத்தது. பழைய கருத்தைச் சொன்னவர்களும் அறிஞர்களே. ஆனால் சான்று வந்தபோது கருத்து வழிவிட வேண்டியதாயிற்று. இதுவே அறிவியலின் நேர்மை. இத்தகைய பெருமை எவருடைய ஐயத்திற்கும் அஞ்ச வேண்டியதில்லை. ஐயத்தாலேயே அது கிடைத்தது.

கிரகணம் கற்பித்த பாடம்

எல்லாம் கெட்டொழிந்தது என்று புலம்புவதும் உண்மைக்கு மாறானதே. 1980 பிப்ரவரி 16 அன்று சூரிய கிரகணம் நிகழ்ந்தபோது பல நகரங்களில் தெருக்கள் வெறிச்சோடின. மக்கள் கதவைத் தாழிட்டு உள்ளே இருந்தனர். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, ஈரோடு, திண்டுக்கல் வழியாக வளையக் கிரகணம் கடந்தபோது, பிள்ளைகள் கண்ணுக்குப் பாதுகாப்பான வடிகட்டிகளை ஏந்தித் திறந்தவெளியில் கூடி நின்று கண்டனர். இம்மாற்றம் தானாக வரவில்லை. 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகளும், எண்ணற்ற பள்ளி ஆசிரியர்களும் தெருவிலும் திடலிலும் நின்று பாடுபட்டதன் பயன் அது. மனித மனம் மாறும். மாற்றுவோர் இருந்தால் மாறும்.

கிரகணம் என்றவுடன் இஸ்லாமிய வரலாற்றின் நிகழ்ச்சி ஒன்று நம் நினைவில் எழுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமைப் புதல்வர் இப்ராஹீம் குழந்தைப் பருவத்திலேயே இறந்தார். அன்றைய நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. நபியின் மகன் இறந்ததனால் கதிரவனும் ஒளியிழந்தான் என்று மக்கள் பேசிக்கொண்டனர். பொய்ப்பெருமையை விரும்பும் தலைவர் எவரேனும் அவ்விடத்தில் இருந்திருப்பின் மௌனமாக இருந்து அப்பேச்சை வளரவிட்டிருப்பார். பெருமானார் (ஸல்) அவர்களோ மகனை இழந்த துயரின் நடுவிலும் அதனை மறுத்துரைத்தார்கள். கதிரவனும் நிலவும் இறைவனின் அத்தாட்சிகள். எவருடைய பிறப்புக்காகவோ இறப்புக்காகவோ அவை மறைவதில்லை என்று தெளிவுபடுத்தினார்கள். தமக்குச் சாதகமான தவறான நம்பிக்கையைத் தாமே திருத்துவதினும் உயர்ந்த ஆராய்ச்சி நேர்மை எங்கே உண்டு?

ஐயம் யாருடைய சொத்து?

தமிழகத்தில் பகுத்தறிவு என்னும் சொல் இறைமறுப்போடு இணைந்தே வளர்ந்தது. அதற்கு வரலாற்றுக் காரணங்கள் உண்டு. மூடப்பழக்கத்தையும் சாதிக் கொடுமையையும் எதிர்த்து அவ்வியக்கத்தார் ஆற்றிய தொண்டை மறப்பது நன்றி கொன்றதாகும். ஆனால் அதன் விளைவாக ஒரு தவறான எண்ணமும் நம்மிடையே வேரூன்றிவிட்டது. கேள்வி கேட்பது நாத்திகரின் வேலை. நம்பிக்கையாளர் கேட்டதை நம்ப வேண்டியவர் என்று நாமே ஒதுங்கிக்கொண்டோம். நாம் ஒதுங்கிய இடத்தில் வதந்தி வந்து அமர்ந்துகொண்டது.

கேள்வி கேட்கப் பழக்கினால் இளைஞரின் ஈமான் தளர்ந்துவிடும் என்று பெரியோர் சிலர் அஞ்சுவதை நாம் அறிவோம். அவ்வச்சம் அன்பிலிருந்து எழுவது. அதை எள்ளி நகையாடுவது முறையன்று. ஆயினும் அப்பெரியோரிடம் பணிவுடன் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். படைத்தவனை நம்புவது வேறு; படைக்கப்பட்டவர் சொன்னதையெல்லாம் நம்புவது வேறு. செய்தியைக் கொண்டுவருபவரின் நம்பகத்தன்மையை ஆராய வேண்டும், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தும் நிலைக்கு ஆளாகக் கூடாது என்று திருமறையின் 49ஆம் அத்தியாயமான அல்ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் எச்சரிக்கிறது. கேட்டதையெல்லாம் பேசித் திரிவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்பது நபிமொழியின் கருத்து.

நம் முன்னோர் இதனை ஒரு கலையாகவே வளர்த்தனர். ஒரு நபிமொழி வருமாயின் அதைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களா, சொன்னவரின் நினைவாற்றல் எத்தகையது, ஒழுக்கம் எத்தகையது என்றெல்லாம் சங்கிலித் தொடராக ஆராய்ந்தனர். தொடரில் ஒரு கண்ணி பழுதாயினும் செய்தியின் தரம் குறைந்தது. 'இஸ்னாத்' என்று நாம் போற்றும் மரபு இதுவே. புகாரி இமாம் போன்ற பெருமக்கள் தம் வாழ்நாளையே அதற்கு ஈந்தனர். அத்தகையோரின் வழிவந்தவர்கள், அனுப்பியவர் யாரென்றும் அறியாத செய்தியை, 'அனைவருக்கும் பகிருங்கள்' என்ற ஒரு வரியை நம்பி நொடிப்பொழுதில் நூறு பேருக்கு அனுப்புவது எவ்வகையில் பொருந்தும்?

பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம் (965 – ஏறத்தாழ 1040) ஒளியியலுக்கு அடித்தளமிட்ட பேரறிஞர். தாலமியின் நூல்கள் வேதவாக்காகக் கருதப்பட்ட நாளில், அவற்றின்மீது எழுந்த ஐயங்களைத் தொகுத்துத் தனியே ஒரு நூல் எழுதினார். அவர் தொழுகையையும் விடவில்லை, கேள்வியையும் விடவில்லை. யார் வாயிலிருந்து வரினும் சொல்லின் உண்மையை ஆராய்ந்து கொள்ளுமாறு நம் வள்ளுவரும் அறிவுறுத்தினார். ஆக, ஐயம் நமக்கு அயலார் வீட்டுச் சரக்கு அன்று. நம் வீட்டுப் பெட்டகத்தில் பூட்டிக் கிடக்கும் பழம்பொருள்.

நம் முற்றத்தைக் கூட்டுவோம்

பிறர் குறையைப் பேசுவது எளிது. நம் முற்றத்தையும் நோக்குவோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்பியோட இயலாமல் கருகினர். இறந்தோர் 28 பேர். நோயைப் பேய் என்று கருதி மருத்துவத்தை மறுத்த எண்ணத்தின் இறுதி விளைவு அதுவாயிற்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு கற்பித்த மார்க்கம் நம்முடையது. பின்னாளில் மருந்தும் துஆவும் இணைந்து நடக்கும் மனநலச் சேவை ஏர்வாடி தர்காவிலேயே அமைந்தது நமக்கு ஆறுதல் தருகிறது. நம்பிக்கையும் மருத்துவமும் பகைவர் அல்லர் என்பதற்கு அதுவே சான்று.

2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழகத்தில் தொடங்கியபோது, அவ்வூசி பிள்ளைகளுக்குக் கேடு விளைக்கும் என்னும் செய்திகள் கைப்பேசியில் உலவின. எல்லாச் சமயத்துப் பெற்றோரும் தயங்கினர்; நம்மவரும் தயங்கினர். பெற்றோரின் தயக்கத்தை நாம் பழிக்கவில்லை. தம் பிள்ளையைக் குறித்துக் கேள்வி கேட்பது அவர்தம் உரிமை. அக்கேள்வியை மருத்துவரிடம் கேட்காமல், முகமறியாத குரல்பதிவிடம் கேட்டதே பிழை.

வதந்தி நம்மையும் சுட்டதுண்டு. 2020இல் கொரோனா பரவியபோது, தில்லியில் நடந்த தப்லீக் கூட்டத்தைக் காட்டி ஒரு சமுதாயமே நோயைத் திட்டமிட்டுப் பரப்புகிறது என்னும் பழி நாடெங்கும் சுமத்தப்பட்டது. கூட்டம் கூடியதனால் தொற்று பரவியது உண்மை. அதற்கு உள்நோக்கம் கற்பித்தது பொய். அவ்வாண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டுத் தப்லீக் உறுப்பினர்மீது தொடரப்பட்ட வழக்குகளைத் தள்ளுபடி செய்து, அவர்கள் பலிகடாக்களாக்கப்பட்டனர் என்று கருத்துரைத்தது. வதந்தியின் வலியைத் தன் உடம்பில் அறிந்த சமுதாயம், இன்னொருவரைப் பற்றிய வதந்திக்குத் தன் விரலைத் தரலாமா?

தொழிற்பகுதியின் கேள்விகள்

கும்மிடிப்பூண்டித் தொழிற்கூடங்களில் பீகார், ஒடிசா, உத்தரப்பிரதேசம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் பலர் உழைக்கின்றனர். 2018இல் வடநாட்டார் குழந்தை கடத்துகின்றனர் என்று இங்கே வதந்தி உலவிற்று. 2023 மார்ச்சில் அதே வதந்தி திசைமாறி, தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர் கொல்லப்படுகின்றனர் என்று அங்கே உலவிற்று. வேறு நிகழ்ச்சிகளின் காணொளிகள் அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டன. அஞ்சிய தொழிலாளர் பலர் ஊருக்கு இரயிலேறினர். பீகார் அரசு அனுப்பிய குழுவினர் நேரில் வந்து பார்த்துத் தெளிந்த பின்னரே கலக்கம் அடங்கிற்று. முதலில் நாம் அவரை அஞ்சினோம். பின்னர் அவர் நம்மை அஞ்சினார். இருவரும் ஒருவரையொருவர் கேட்டறியவில்லை.

அத்தொழிற்கூடங்களில் பணிபுரியும் நம் இளைஞர், ஓர் இரும்புத் துண்டைக் கூட அளவுகோல் வைத்துப் பார்க்காமல் அடுத்தவர் கைக்கு அனுப்புவதில்லை. மில்லிமீட்டரில் சிறுபகுதி பிசகினும் விலக்கி வைக்கின்றனர். தேநீர் இடைவேளையில் அதே கைகள் எந்த அளவும் பாராமல் செய்தியை அனுப்பிவிடுகின்றன. பட்டறையில் உள்ள பழக்கத்தை வெளியிலும் கொண்டுவருவதே நாம் வேண்டுவது.

ஐயம் என்பது எளியவரை நோக்கி மட்டும் எழுவதாயின் அது நீதியாகாது. வலியவரின் உறுதிமொழிக்கும் சான்று கேட்க வேண்டும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் மூச்சுத்திணறிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டு ஓடினர். காற்றில் என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு கலந்திருக்கிறது, அளந்தவர் யார் என்று கேட்ட அம்மீனவ மக்களை அறிவியலுக்குப் பகைவர் என்று எவரும் கூறற்க. அளவைக் கேட்பவரே அறிவியலின் தோழர். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று நம் அரசியலமைப்பின் 51அ பிரிவு கூறுவது அவர்களுக்கும் உரியதே.

செய்யத்தக்கவை

மாணவச் செல்வங்களே! ஒரு செய்தி உங்கள் கைக்கு வந்தால் மூன்றைக் கேளுங்கள்: முதலில் சொன்னவர் யார்? அவர் எவ்வாறு அறிந்தார்? இது பொய்யாயின் துன்புறுவோர் யார்? விடை கிட்டாத செய்தி உங்களிடமே தங்கட்டும். பரப்பாமல் விட்ட செய்தியால் ஒருவரும் சாவதில்லை.

ஆசிரியப் பெருமக்கள் வகுப்பறையில் கேள்வி கேட்கும் மாணவரை அடக்கமற்றவராகக் கருதாதிருப்பாராக. இஸ்னாத் மரபையும் இன்றைய செய்தி ஆய்வையும் இணைத்துப் பயிற்றுவிக்கும் வாய்ப்பு நம் போன்ற கல்லூரிகளுக்கே சிறப்பாக உரியது. சமுதாயப் பெரியோர்கள் வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவுகளில் வதந்தியின் பாவத்தை எடுத்துரைப்பார்களாக. வடமாநிலத் தொழிலாளருக்கு மாலை நேரத்தில் தமிழ் கற்பிக்க நம் ஜமாஅத்துகள் ஓர் அறையைத் திறந்துவிட்டால், மொழி அறிந்த இடத்தில் அச்சம் தானே அகலும்.

பழவேற்காட்டுப் பள்ளிவாசல் ஒன்றில் கதிரவனின் நிழலைக் கொண்டு தொழுகை நேரம் அறியும் நிழற்கடிகாரம் உள்ளது. தொழுகைக்கு நிற்கும் முன்னர் நிழலை அளந்து பார்த்த மரபு நம்முடையது. இறைவனுக்குரிய நேரத்தையே அளந்து அறிந்த ஊரில், ஓர் ஏழையின் உயிரை அளந்து பாராமல் எடுத்துவிட்டோம் என்னும் பழி இனியொரு முறை நேராதிருக்க வேண்டும். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்னும் பழமொழியை நாவளவில் நிறுத்தாமல் வாழ்வளவில் கொள்வோமாக. அதற்கான அறிவையும் பொறுமையையும் எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!